சனியைக் காட்டிய மாப்பிள்ளை

வானத்தைப் பார்க்கப் பார்க்க மனிதனுக்கு அடக்கம் வரும் என்கிறார்கள். எனக்கு வரவில்லை. சின்னதாக ஒரு தொலைநோக்கி வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தலைக்கனம்தான் வந்தது. மஞ்சூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க் வேலை. பொழுது சாய்ந்துவிட்டால் நான் விஞ்ஞானி. டீக்கடையில் யாராவது “இன்னைக்கு நல்ல குளிரு” என்று வாயைத் திறந்தால் போதும், குளிர்காலத்தில் எந்தெந்த நட்சத்திரம் எங்கே தெரியும் என்று ஆரம்பித்துவிடுவேன். என்னைக் கண்டதும் கொதிக்கிற டீயை ஊதாமல் குடித்துவிட்டு ஓடியவர்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

அந்தத் தலைக்கனம் என் கல்யாணத்தையே காவு வாங்கப் பார்த்தது.

பெண் மேட்டுப்பாளையம். பெயர் நித்யா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பவள். அப்பா பாக்கு மண்டி வைத்திருந்தார். பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “மஞ்சூர்ல நெம்பக் குளிருங்களா?” நான் “இல்லவே இல்லைங்க” என்றேன். (பச்சைப் பொய். ஸ்வெட்டரோடு பிறந்தவன் நான்.) அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று.

எங்கள் பக்கத்தில் அடுத்தபடியாகப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். பிடித்தால் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றி உறுதி செய்துகொள்வார்கள். பிடிக்காவிட்டால் காபியைக் குடித்துவிட்டு, “போன் பண்றமுங்க” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறுவார்கள். அந்தப் போன் வராது. எனக்கு ஏற்கெனவே ஆறு வீட்டிலிருந்து போன் வராமல் இருந்தது. எல்லாம் இந்தக் குளிரால்தான்.

தை மாதத்தில் ஒரு நாள் வருவதாக ஏற்பாடு. மதியமே வர வேண்டியவர்கள், பொங்கல் லீவுக் கூட்டத்தில் மலைப்பாதை முழுக்க வண்டி நின்றதால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பன்னிரண்டு பேர். கூடவே நித்யாவும் வந்தாள். “நான் இருக்கப் போற ஊடு, நானும் பாக்கறேன்” என்று வேனில் ஏறிவிட்டாளாம். நல்ல நேரம் எட்டு மணி வரைக்கும் இருந்தது. அம்மா சமையலறையில் பஜ்ஜி போட ஆரம்பித்தாள். “அதுவரைக்கும் வந்தவங்களுக்கு ஊட்டைச் சுத்திக் காட்டுடா” என்றாள்.

நான் வீட்டையா காட்டுவேன்? தொலைநோக்கியைத் தூக்கி வாசலில் வைத்தேன்.

முதலில் அரை நிலா. பள்ளமும் மேடுமாக அதைப் பார்த்ததும் நித்யாவின் அப்பா “அட சாமி!” என்று பின்வாங்கினார். அவள் அம்மா, அதாவது என் வருங்கால அத்தை, கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தென்மேற்கே மலைக்கு மேல் இன்னொரு ஒளிப்புள்ளி மின்னாமல் அமைதியாக நின்றுகொண்டிருந்தது. தொலைநோக்கிக் குழாயை அந்தப் பக்கம் திருப்பினேன். பெயரைச் சொல்லவில்லை. (சஸ்பென்ஸ் வைக்கிறேனாம்! அந்த வயதில் எனக்கு யாராவது நான்கு அறை விட்டிருக்கலாம்.)

“ஏனுங்க தம்பி, இதென்னுங்க, மோதரம் போட்டாப்ல இருக்குது?” என்றார் நித்யாவின் அப்பா.

“நல்லாப் பாருங்க மாமா” என்றேன். மாமா என்று அழைக்க ஆரம்பித்துவிட்டேன் என்பதைக் கவனிக்கவும்.

“மோதரமா? தள்ளுங்க, நானும் பாக்கறேன்” என்று அத்தை கண்ணை வைத்தார். “ஆமாங்க! நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல வானத்துலயே மோதரம்! இதைவிட என்ன சகுனம் வேணும்?”

அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். ஒருவர் விடாமல் பார்த்தார்கள். பார்த்தவர்கள் மறுபடி பார்த்தார்கள். நித்யாவின் அக்கா தன் ஆறு மாதக் குழந்தையைத் தூக்கி அதன் கண்ணையும் குழாயில் வைத்தாள். மாமா மட்டும் மூன்று தடவை பார்த்தார். வாசலே கல்யாண வீடு மாதிரி கலகலத்தது. வெற்றிலைத் தட்டை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு அவர் என் தோளில் கை போட்டார்.

“அது சரிங்க தம்பி, இது என்ன நட்சத்திரமுங்க?”

“நட்சத்திரம் இல்லீங்க மாமா, கிரகம்” என்றேன் பெருமையாக. “சனி.”

தோளில் இருந்த கை கீழே விழுந்தது. பன்னிரண்டு பேரும் வைத்த கண் வாங்காமல் என்னைப் பார்த்தார்கள்.

“என்னது?”

“சனிங்க. நூத்தம்பது கோடி கிலோமீட்டர் தூரத்துல இருக்குதுங்க...”

“தூரமாத்தான இருந்தாரு! நீங்க எதுக்குங்க பக்கத்துல இழுத்தீங்க?”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாமாவுக்குத் தனுசு ராசி. ஏழரைச் சனி போன மாதச் சனிப்பெயர்ச்சியில்தான் விட்டிருந்தது. ஏழரை வருடத்தில் மண்டிக் கூரை காற்றில் போயிருந்தது, ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கை உடைந்திருந்தது, மைத்துனர் பேச்சை நிறுத்தியிருந்தார். சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போட்டவர். கோயிலில்கூட அந்தச் சந்நிதிக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் கும்பிட்டுவிட்டு நழுவுகிறவர்.

“இத்தன வருசம் எண்ணி எண்ணி, இப்பத்தான் அவரு போனாரு. போனவரைத் தேடிப் புடிச்சு, நேருக்கு நேரா நிறுத்தி... ஐயோ, மூணு தடவை பாத்துட்டேனே!”

அக்கா குழந்தையின் கண்ணைத் தண்ணீரால் கழுவ ஓடினாள். அத்தை புடவைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்துக்கொண்டார். பஜ்ஜித் தட்டோடு வெளியே வந்த அம்மா விஷயத்தைக் கேட்டு, “அடப்பாவி மவனே, பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு எதைடா காட்டுன!” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமா வெற்றிலைத் தட்டை மூடினார்.

“வண்டிய எடுக்கச் சொல்லுங்க. நாங்க போன் பண்றமுங்க.”

ஏழாவது போன். நித்யாவைப் பார்த்தேன். அவள் சால்வையை இறுக்கிக்கொண்டு என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். இவளை இழந்துவிடப் போகிறோம் என்று நினைத்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

“குருவும் இருக்காருங்க மாமா!”

வேன் பக்கம் போனவர் நின்றார். “குருவா? எங்கீங்க?”

“நேரா நம்ம தலைக்கு மேல. அப்பப் புடிச்சே இருக்காருங்க.”

“அவரை உட்டுப்போட்டு ஏனுங்க இவரைக் காட்டுனீங்க?”

“அவருக்கு மோதரம் அவ்வளவாத் தெரியாதுங்க...”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஆனாலும் திரும்பி வந்தார். “குரு பார்வை இல்லாமக் கல்யாணமே கெடையாது. சனியப் பாத்த கண்ணுக்குக் குருவைக் காட்டுங்க. பாத்துட்டு வெத்தலை மாத்திக்கறோம். நல்ல நேரம் முடியறதுக்குள்ள காட்டோணும்.”

குழாயை உச்சிக்குத் திருப்பினேன். அதே நிமிடம் பள்ளத்தாக்கிலிருந்து மிஸ்ட் பொங்கி வந்து வாசல், வேன், வானம் எல்லாவற்றையும் மூடியது. எங்கள் ஊர் மிஸ்டுக்கு ஒரு தடவை வந்துவிட்டால் எழுந்து போகத் தெரியாது. பன்னிரண்டு பேரும் நடுங்கிக்கொண்டே அண்ணாந்து நின்றார்கள். (“குளிரவே குளிராது” என்று நான் சொன்ன ஊர்!) ஏழரை ஆனது. ஏழே முக்கால் ஆனது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எதிர் மலைப் பக்கம் மிஸ்ட் கொஞ்சம் விலகி மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

அது என்ன என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எதிர் மலையில் தண்ணீர்க் குழாய் இறங்குகிற இடத்தில் இருக்கும் வாட்ச்மேன் ஷெட்டின் பல்பு.

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை தானாகத்தான் தொலைநோக்கியை அங்கே திருப்பியது. ஃபோகஸ் திருகைத் திருப்பிப் படத்தைக் கலைத்துவிட்டேன். பல்பு வட்டமாக, மங்கலாக, தெய்வீகமாக மாறியது.

“கெடச்சுட்டாருங்க மாமா!”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குத் தெரியாதா அது என்னவென்று! மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார். “குரு பகவானே, எம் புள்ளையக் காப்பாத்து” என்று கண்கலங்கினார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

“நித்யா, நீயும் வந்து கும்பிட்டுக்க கண்ணு.”

அவள் வந்து கண்ணை வைத்தாள். அடுத்த நொடி, அவள் விரல் நேராக அந்தத் திருகுக்குப் போனது. மைக்ராஸ்கோப்பைக் கட்டி மேய்க்கிறவளுக்கு மங்கலான படம் பொறுக்குமா? மெல்ல மெல்லத் திருகினாள். ரொம்ப நேரம் அசையாமல் பார்த்தாள். நான் மனதுக்குள் ஏழாவது போனுக்கு அழ ஆரம்பித்துவிட்டேன்.

“தெரியறாராம்மா?” என்றார் மாமா.

“நல்லாத் தெரியறாருங்கப்பா.”

சொல்லிவிட்டு, திருகைப் பழையபடி திருப்பி, படத்தைக் கலைத்துவிட்டு, “அம்மா, நீங்க வாங்க” என்று அத்தைக்கு வழிவிட்டாள். என்னைத் தாண்டும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “குரு மங்கி குல்லா போட்டுட்டு டீ குடிக்கறாருங்க” என்றாள்.

அன்று மாலை எல்லோரும் ஆளாளுக்கு அதிர்ச்சி அடைந்தார்கள். மிகப் பெரிய அதிர்ச்சி எனக்குத்தான். என் பித்தலாட்டம் முழுவதும் தெரிந்தும் ஒருத்தி எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள்! எட்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா எப்போது மஞ்சூர் வந்தாலும் வாசலில் நின்று எதிர் மலையைப் பார்த்துக் கும்பிடுவார். வருடம் முழுக்கக் குரு அதே இடத்தில் நிற்பது அவருக்கு ஆச்சரியமாக இல்லை. “நம்ம மேல அவ்வளவு பிரியமுங்க” என்பார். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. போன வருடம் ஒரு சாயங்காலம் அப்படிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது ஊர் முழுக்கக் கரண்ட் போனது.

“அய்யய்யோ, குருவைக் காணமே!” என்று அலறினார்.

சமையலறையில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்த நித்யா, யோசிக்காமல், “கரண்டு வந்தா வந்துருவாருங்கப்பா” என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஏற்றாத மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். கரண்ட் வந்தது, எதிர் மலையில் குருவும் வந்தார். மாமா அந்தப் பல்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“ஏனுங்க மாப்ள, அப்ப அன்னைக்கு நாங்க நெசமாப் பாத்தது சனி மட்டுந்தானுங்களா?”

“ஆமாங்க மாமா” என்றேன்.

அதிலிருந்து மேட்டுப்பாளையத்தில் என்ன கெட்டுப்போனாலும், மண்டி ஷட்டர் சிக்கிக்கொண்டாலும், எனக்குப் போன் வந்துவிடுகிறது.