கழுதை ஈன்றதால் குலம் ஆட்டம் கண்ட கதை

மகா கனம் பொருந்திய சித்தப்பா யோனா அவர்களுக்கு, கலிலேயா மேட்டிலிருந்து அண்ணன் மகன் ஷப்தோ எழுதிக்கொள்வது. நீங்கள் என்னைவிட இளையவரானாலும் முறை முறைதான். எருசலேம் குளிரில் உங்கள் முழங்கால் சுகமாக இருக்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லி எழுதவில்லை, நானே எழுதுகிறேன்! முதியோர் வகுப்பில் படித்துவிட்டேன். ஒரு வரிக்கு ஒரு குவளை தேநீர் ஆகிறது.

என் கழுதை முதல் குட்டி போட்டது. நான் மகிழ்ந்து முடிப்பதற்குள் ஆசாரியன் நாகூம் கயிற்றோடு வந்துவிட்டான். கழுதையின் தலையீற்றுக்கு ஈடாக ஆசாரியனுக்கு ஆட்டுக்குட்டி கொடுக்க வேண்டுமே, அதைப் பிடித்துப்போக.

"லேவி குலத்தான் ஆடு கொடுக்க வேண்டியதில்ல. நீ ஆசீர்வதிக்கிறதுக்கு முன்னாடி தினமும் உன் கைக்குத் தண்ணி ஊத்துற லேவி நான்" என்றேன்.

"நீ லேவின்னு யாரு சொன்னா?"

"எங்கப்பன்."

"உங்கப்பனா! குர்திஸ்தான்ல நம்ம ஊர்ல லேவியே கிடையாதுடா. லேவி இல்லாத ஊர்ல தலைச்சன் பிள்ளை ஊத்தலாம்னு உங்கப்பனைக் கூப்பிட்டாங்க. மனுஷன் அப்புறம் செம்பைக் கீழே வைக்கவே இல்ல!"

எனக்கு ரத்தம் கொதித்தது. வேதத்தை எடுத்து, மூன்றாம் மகனைப் பெற்ற லேயாள், கணவன் இனித் தன்னோடு சேர்ந்திருப்பான் என்று நம்பி நம் குல முதல்வனான அந்த மகனுக்கு லேவி என்று பெயரிட்டதை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். நாகூம் நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "சேர்ந்தவன்னுதானே அர்த்தம்? உங்கப்பனும் வந்து சேர்ந்துக்கிட்டவன்தான்" என்றான். மறுநாள் ஜெப ஆலயத்தில் என் செம்புத் தண்ணீர் வேண்டாமென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். கை கழுவாமல் ஆசாரியன் ஆசீர்வதிக்க முடியாது; ஆசீர்வாதம் இல்லாததால் தன் கோழி முட்டையிடவில்லை என்று ஒருத்தி அழ, மழை பெய்யாததும் என்னால்தான் என்று ஒருவன் கத்த, வேதம் வாசிக்க இரண்டாவதாக லேவியை அழைத்தபோது நான் எழ, நாகூம் என் சட்டையைப் பிடித்து இழுக்க, சட்டை கிழிந்தது. "இத்தனை வருஷம் லேவி பொண்டாட்டின்னு தலை நிமிர்ந்து நடந்தேனே, இப்ப நான் யாரு?" என்கிறாள் என் மனைவி காத்தூன்.

சித்தப்பா, நாம் உண்மையில் லேவியரா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஆடு போனாலும் போகட்டும், எனக்கு உண்மை போதும். ஆபிரகாமின் தேவன் உங்கள் முழங்காலுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வலுத் தருவாராக. சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஷப்தோ லேவி (இப்போதைக்கு)

பின்குறிப்பு: காத்தூன் சற்றுமுன் கொட்டகையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "ஏங்க லேவியரே, உங்க ரெண்டு பேர்ல யாராச்சும் குட்டியோட வாலைத் தூக்கிப் பாத்தீங்களா? அது பெட்டைங்க!" பெட்டைக்கு ஆட்டுக்குட்டி ஈடு கிடையாது. மறுபடியும் ஆட்டைப் பிடிக்க வந்திருந்த நாகூம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, "சரி சரி, நாளைக்குத் தண்ணி ஊத்த சீக்கிரமா வந்து சேரு" என்று போய்விட்டான். ஆகவே நீங்கள் பதில் எழுத வேண்டாம். எழுதியே தீருவதானால் நாம் லேவியர் என்றே எழுதுங்கள். வேறு எதுவும் எனக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது.