கல் மேசையும் கண்ணாடி மேசையும்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு முடிவையாவது நான் எடுத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். எங்கள் கடையில் காசு போட்டு ஆடும் பில்லியர்ட்ஸ் மேசை ஒன்றைப் போடுவது. அதுதான் அந்த முடிவு.

ஜொகூரின் யோங் பெங் ஊரில் சிங்கப்பூர் பஸ்கள் நின்று போகும் சாலையில் இருக்கிறது எங்கள் சாப்பாட்டுக் கடை. பெயர்ப் பலகையில் 'ஹேமநாதன் உணவகம்' என்று என் பெயர். பலகைக்குக் கீழே நடப்பதெல்லாம் என் மனைவி யோகேஸ்வரியின் ஆட்சி. பக்கத்தில் கைப்பேசிக் கடை வைத்திருந்தவர் காலி செய்து போனதும், நடுச்சுவரை இடித்து அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டோம். அன்றிலிருந்து அவளுக்கு ஓர் ஆசை. அங்கே நீளமாக ஒரு மேசை போட்டு, கறியும் குழம்பும் பொரியலும் வரிசையாக வைத்து, வருகிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும்படி மதியத்தில் பஃபே நடத்த வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சட்டிகளை அடுப்படியிலிருந்து யார் தூக்கி வருவது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு முதுகு வலித்தது.

வழி காட்டியவர் என் நண்பர் சபாபதி. லோரி ஓட்டுகிறவர், பாரம் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. இடத்தை அவள் பிடிப்பதற்கு முன்னால் நீ பிடித்துவிடு என்றார். பில்லியர்ட்ஸ் மேசை போல் கனமான சாமான் உலகத்தில் வேறு கிடையாதாம். வைத்தால் வைத்ததுதான், யாரும் நகர்த்த முடியாது. வருகிறவன் காசைப் போட்டால்தான் பந்து வெளியே வரும், ஆகவே வருமானம். காசுப் பெட்டியின் சாவி முதலாளியிடம் இருக்கும், ஆகவே நாங்கள் இருவரும் இலவசமாக ஆடலாம். இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது சபாபதியின் கண் கலங்கிவிட்டது.

ஒரு வாரம் பேச்சைத் தயார் செய்தேன். வருமானம், இளைஞர்கள் கூட்டம், நகர்த்த முடியாத உறுதி என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். யோகேஸ்வரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். இரண்டாவது வாக்கியத்திலேயே, "வாங்குங்களேன்" என்றாள். மறுத்தால் சொல்ல வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாய்ப் போகக் கூடாதே என்று மீதியையும் சொல்லி முடித்தேன்.

தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். மேசை எடுப்பது மாப்பிள்ளை பார்ப்பது போலவாம், வெளிப் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாதாம். சொல்லிவிட்டு என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள்.

கூலாயில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஜெயபாலன் என்பவர் இந்த மேசைகளை விற்கிறார். அவரிடம் அப்போது இரண்டு இருந்தன. முதலாவதைக் கண்டதும் எனக்குக் காதல் வந்துவிட்டது. வெள்ளிக் கால்கள். விளிம்பைச் சுற்றி நீல விளக்கு. பக்கவாட்டில் கண்ணாடி, விழுந்த பந்துகள் உள்ளே உருண்டு போவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். மேசை என்றே சொல்லக் கூடாது, விமானம். இரண்டாவது, அரசாங்க ஆபீஸில் ஃபைல் வைக்கும் அலமாரியைப் படுக்கப் போட்டது போல் இருந்தது. பழுப்பு நிறம், தடித்த கால், மூலைக்கு மூலை இரும்புக் கவசம்.

யோகேஸ்வரி விமானத்தின் மூலையில் இரண்டு விரலை வைத்துத் தள்ளினாள்.

"என்னங்க, இதுல ஆட்டம் இருக்கு."

"ஆட்டத்துக்குத்தானே வாங்குறோம்?"

"ஆட வேண்டியது நீங்க. மேசை ஆடக் கூடாது."

ஜெயபாலன் சிரித்தார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் அவள் பக்கம்.

துணிக்கு அடியில் என்ன என்று கேட்டாள். விமானத்துக்குள் அழுத்திச் செய்த மரத்தூள் பலகை. நம் ஊர்ப் புழுக்கத்தில் கொஞ்ச காலத்தில் உப்பிவிடும், அப்புறம் அடிக்காத பந்தும் தானாகக் குழியைத் தேடிப் போகும் என்று ஜெயபாலனே ஒப்புக்கொண்டார். மற்றதில் ஒரே துண்டாகக் கல்பலகை. அவள் தோசைக்கல் வாங்குகிறவள் போல விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்தாள். பிறகு தரையில் மண்டியிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் மேசையின் அடிவயிற்றைப் பார்த்தாள். இருபது வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன், இவளுக்கு இப்படி ஒரு கண் இருப்பது எனக்குத் தெரியாது.

எது முதலில் கெடும் என்று கேட்டாள். காசு வைத்து உள்ளே தள்ளும் நாக்குதான் என்றார் ஜெயபாலன். எல்லாரும் கோபத்தை அதன் மேல்தான் காட்டுவார்களாம். கண்ணாடி மேசையில் அது கெட்டால் ஒரு பக்கத்தையே கழற்ற வேண்டும். கல் மேசையில் நாக்கு கெட்டியான இரும்பு, அதை மட்டும் உருவி மாற்றலாம். யோகேஸ்வரி காசை வைத்துத் தள்ளினாள். உள்ளே அடைபட்டிருந்த பந்துகள் இடி மாதிரி உருண்டு வந்து தட்டில் நின்றன. வெள்ளைப் பந்தைக் குழியில் போட்டாள், அது மட்டும் தனி வழியில் திரும்பி வந்தது. அதற்குள் காந்தம் இருக்கிறது, அது பிரித்து அனுப்பிவிடும் என்று அவர் விளக்கினார். செய்தவன் புத்திசாலி என்று அவள் மேசையைத் தட்டிக் கொடுத்தாள். என்னை அப்படித் தட்டிக் கொடுத்ததாக நினைவில்லை.

அதன் பிறகு கேட்டவைதான் ஜெயபாலனையே அசத்தின. நடுவில் எவ்வளவு பாரம் தாங்கும்? விளிம்பில் சூடான எதையாவது வைத்தால் நிறம் போகுமா? எண்ணெய் பட்டால் துடைக்க வருமா? ஆள் ஏறி நின்றாலும் ஒன்றும் ஆகாது என்றார் அவர். கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கிய ஒரு மேசைக்குத் துணியும் காலும் மாற்றியதோடு சரி, கல் இம்மியும் வளையவில்லையாம். அவள் உயரத்தைத் தன் இடுப்போடு ஒட்டிப் பார்த்தாள். நீளத்தைச் சாண் போட்டு அளந்தாள். கடைவாசலுக்குள் நுழையுமா என்று பார்க்கிறாள், எவ்வளவு பொறுப்பு என்று நான் உருகிப் போனேன்.

ஆனாலும் விமானத்துக்காகக் கடைசியாக ஒரு முறை வாதாடினேன். அழகு என்று ஒன்று இருக்கிறதே என்றேன். அழகு கட்டாயம் வேண்டும் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். அதனால்தான் துணியின் நிறத்தை என்னிடமே விட்டுவிடுகிறாளாம். நான் கம்பீரமாக நீலத்தைத் தேர்ந்தெடுத்தேன். முடிவெடுத்தது நான்.

கடையில் மேசை வைக்க பெர்மிட்டுக்கு அலைந்ததும் நான். மேசை வந்த அன்று லோரியிலிருந்து இறக்கியவர்கள் என் குடும்பத்தை மலாயிலும் தமிழிலும் வாழ்த்தினார்கள். ஜெயபாலன் மேசைக் காலுக்கடியில் திருகித் திருகி மட்டம் பார்த்துக் கொடுத்தார். அன்று சாயந்தரம் நானும் சபாபதியும் ஆடினோம். வெள்ளைப் பந்து அந்த நீலத்தில் ஓடிய அழகு இருக்கிறதே, கல் கல்தான். யோகேஸ்வரி சொன்னது சரி என்று மனதார நினைத்தேன்.

மறுநாள் காலையில் தச்சர் ஒருவர் வேனில் வந்தார். இரண்டு பலகைகளை இறக்கினார். மேலே எவர்சில்வர் தகடு, கீழே மெத்தென்ற துணி, சுற்றிலும் தடுப்பு. இரண்டையும் என் மேசை மேல் பொருத்தினார். பெட்டிக்கு மூடி போல உட்கார்ந்துவிட்டது. கூலாயிலிருந்து திரும்பும் வழியில், நான் காரில் தூங்கிக்கொண்டிருந்தபோதே ஆர்டர் கொடுத்துவிட்டாளாம்.

"யோகேஸ், இது விளையாடுற மேசை."

"சாயந்தரம் விளையாடுங்க. மத்தியானம் சும்மாதானே நிக்கிது?"

"பஃபேக்கு வேற மேசை வாங்கிக்கலாம்லா."

"வாங்கலாம். எங்க வைக்கிறது? இதைத்தான் நகத்தவே முடியாதுன்னு சொன்னீங்களே."

மேசையில் இருந்த ஆறு குழிகள் போதாதென்று ஏழாவதை நானே வெட்டி, நானே விழுந்திருந்தேன்.

பொறாமைப்படாமல் சொல்கிறேன், அப்படி ஒரு பஃபே மேசை ஜொகூரில் எங்கும் இல்லை. மீன் குழம்புச் சட்டியைத் தொப்பென்று வைத்தாலும் பக்கத்து ரசம் அசையாது. பஸ்ஸில் வந்தவர்கள் முழங்கையை ஊன்றி, இடித்து, நெருக்கி, வரிசை கட்டிச் சாப்பிட்டார்கள். மேசை மூச்சு விடவில்லை. மூச்சு விட்டதெல்லாம் சட்டி தூக்கிய நான்தான். கூட்டம் பெருகியதும் ஆள் போதவில்லை. கோத்தா திங்கியிலிருந்து என் மாமியார் ராசம்மா ஒத்தாசைக்கு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

சாயந்தரம் மூடியை எடுத்ததும் அவர் இது என்ன விளையாட்டு என்று விசாரித்தார். சபாபதி சொல்லிக் கொடுத்தார், துரோகி. மாமியாருடையது கேரம் ஆடிப் பழகிய கை. ஒரே வாரத்தில் லோரிக்காரர்கள் அத்தையின் ஆட்டத்தைப் பார்க்கவே வண்டியை நிறுத்தினார்கள். காசுப் பெட்டியின் சாவி யோகேஸ்வரியின் இடுப்பில். இலவசம் என்ற பேச்சே இல்லை. நானும் காசோடு வரிசையில் நின்றேன்.

நேற்று ஒரு வழியாக எனக்கு முன்னால் யாரும் இல்லை. மாமியார் ஆட்டத்தின் நடுவே நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, குச்சியை என் கையில் கொடுத்தார்.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்க மாப்பிள்ளை. தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து மிச்சத்தை அடிக்கிறேன்."