ஒன்றரை அங்குலம் கூடிய ஜன்னல் கதவுகள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விவரமாக எழுது; போனில் நீ "நல்லா இருக்கேன்" என்று சொல்லும் வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

வேலைக்கென்று போய் எட்டு மாதமாக நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. போன மாதம் "எப்பம்மா வர்றே?" என்று கேட்டால், "ரூம் ஒரே இருட்டுப்பா, உள்ள போகவே பிடிக்கல" என்று போனை வைத்துவிட்டாய். எனக்குச் சுருக்கென்றது. உடனே உன் அறையை எட்டிப் பார்த்தேன். நியாயம்தான்! நான் தைத்த தடித்த திரை, அதன்மேல் நானே தைத்த இன்னொரு திரை. இரண்டையும் கழற்றி எறிந்தேன்.

பல் டாக்டரின் அறையில் ஜன்னலுக்கு உள்பக்கமாக மரக் கதவுகள் போட்டிருக்கிறார்கள். நடுவில் வரிசையாகப் பட்டைகள். நிமிர்த்தினால் வெளிச்சம், சாய்த்தால் நிழல். அறையே புதுசாகிவிடுகிறது. பல்லைப் பிடுங்கும்போதுகூட நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் அளவெடுக்க வந்தார், நான் விடுவேனா? முப்பத்தெட்டு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவன். நானே டேப்பைப் பிடித்து அளந்து எழுதிக் கொடுத்தேன். கதவுகள் வந்தன, ஜன்னலுக்குள் நுழையவில்லை. பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் அதிகம். பழக்க தோஷம், துணிக்கு விடுவதுபோலத் தையலுக்குக் கூடுதலாக விட்டிருக்கிறேன். "ஐயா, மனுஷன் சதை போடுவான், ஜன்னல் போடுமா?" என்றார் ஆசாரி. கொஞ்சம் பிடித்துத் தரச் சொன்னேன். "இது பேன்ட் இல்லீங்க" என்றார். உன் அம்மா, "நல்லவேளை, சுருக்கம் வைக்காம விட்டாரே" என்று அவருக்குக் காபி கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. கடைசியில் ஜன்னலுக்குள் வைக்காமல் சுவர்மேலேயே பொருத்தினோம். திறந்தால் கதவு பீரோவில் இடித்தது, பீரோவைத் தள்ளினோம், பின்னால் சுவர் பழைய பச்சையில் பல்லிளித்தது, வெள்ளையடித்தோம், பெயின்ட் பாதிச் சுவரில் தீர்ந்தது, அடிக்காத பாதியை மறைக்கக் கட்டிலை நகர்த்தினோம், இப்போது அறைக் கதவு பாதிதான் திறக்கிறது. அம்மா பக்கவாட்டில் நுழைகிறாள். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைகிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். காலையில் பட்டைகளை நிமிர்த்தினால் கட்டில் முழுக்கக் கோடு கோடாக வெயில் விழுகிறது. நேற்று அம்மா அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள். நீயும் வந்து உட்கார்ந்தால்தான் பட்ட பாட்டுக்கு அர்த்தம். அறை தயார். இனி இருட்டைச் சாக்குச் சொல்லாதே. வேளைக்குச் சாப்பிட்டு, கவலையில்லாமல் தூங்கி, நூறு வருஷம் நன்றாக இரு.

உன் அப்பா.

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் அம்மா கடிதத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, அவ சொன்னது நம்ம வீட்டு ரூமை இல்ல. அங்க அவ வாடகைக்கு இருக்கற ரூமை" என்கிறாள். அப்படியா கண்ணு? எட்டு மாதமாக நீ அங்கே இருட்டிலா இருக்கிறாய்? அதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் இங்கே பீரோவைத் தள்ளிக்கொண்டிருந்தேனே! மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. ஆசாரி கதவுகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானும் அம்மாவும் கதவுகளோடு வருகிறோம். உன் ஜன்னல் அளவை மட்டும் போனில் சொல். கதவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, சுவரில் மாட்டிப் பழகிவிட்டோம்.