எட்டேகால் ரயிலும் இரண்டெழுத்தும்

இந்த முறை மியூரியலிடம் மாட்டுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டேன். மியூரியல் என் மனைவி ஹில்டாவின் அக்கா. மாதம் ஒருமுறை ஸ்கார்பரோவிலிருந்து மூன்று பெட்டிகளோடு வருவாள். பெட்டி தூக்குவது நான். அவளுக்குப் பித்தப்பையில் கல் எடுத்த கதையைக் கேட்பதும் நான். கல் ஒன்றுதான், கதை மட்டும் மாதாமாதம் வளர்கிறது.

அந்தச் சனிக்கிழமை யார்க்கில் புதிர்க்காரர்களின் ஆண்டு விருந்து. ஞாயிறு பத்திரிகையில் வாராவாரம் வரும் குறுக்கெழுத்துப் புதிரை எங்கள் மால்டனில் முழுசாகப் போடுகிறவர்கள் இரண்டே பேர். நானும் தபால் ஆபீஸ் நார்மனும். விருந்தில் ஒரு புதிரை விளக்கிப் பேசச் சொல்லி எனக்குக் கடிதம் வந்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக என் விளக்கத்தைக் கேட்க ஹில்டாவை விட்டால் ஆளில்லை. ஞாயிறு காலை அவள் முட்டை பொரிப்பாள், நான் விளக்குவேன். "அப்படியா, டீ ஆறுது" என்பாள். இப்போது அறுபது பேர் வாய் பிளந்து கேட்கப் போகிறார்கள். நினைத்தாலே உடம்பு புல்லரித்தது.

ஹில்டாவிடம் கேட்டேன். "அக்கா வர்ற அன்னிக்கா? மூச்சு விடாதீங்க" என்றாள்.

திருட்டுத்தனமாகப் போக வேண்டியதுதான். ஆனால் எங்கள் வீட்டுத் தொலைபேசி சமையலறை வாசலில் இருக்கிறது. ஹில்டாவின் காது அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் நார்மனிடம் புதிராகவே பேசினேன்.

"எழுதிக்கோ நார்மன். தலை மாறின மயில், கூவிக்கிட்டே ஓடும்."

மயிலின் முதலெழுத்தை மாற்றினால் ரயில். நார்மன் பிடித்துக்கொண்டான்.

"புரிஞ்சுது. எப்போ?"

"காக்கைத் தலை, மலை வால். விடிஞ்சதும் வரும்."

கா, லை. காலை. யார்க்குக்குக் காலையில் இருப்பது ஒரே ரயில், எட்டேகாலுக்கு.

மாவு பிசைந்துகொண்டிருந்த ஹில்டா நிமிர்ந்தாள். "யாருக்குங்க தலை போச்சு?"

"புதிர்மா. உனக்குப் புரியாது."

"எனக்கெங்க புரியுது, தலையும் வாலும். சனிக்கிழமை காலைல உங்களுக்கு என்ன வேலை?"

"நூலகம் வரைக்கும் போகணும். ரெண்டு புஸ்தகம் திருப்பித் தரணும்."

"போயிட்டு வாங்க. அந்த நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டுப் போங்க."

நூலகத்துக்கு எதற்கு நல்ல கோட்டு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நானோ சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எட்டேகால் ரயில் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. நார்மன் தாவி ஏறி ஜன்னலோரம் பிடித்தான். நான் காலைத் தூக்கினேன். அதே கதவு வழியாக ஒரு பெட்டி இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவதும் வந்தது. அப்புறம் மியூரியல்.

"சாயங்கால ரயில் வேணாம், காலைலயே கிளம்பி வான்னு ஹில்டா போன் பண்ணினா" என்றாள். "ரெஜி நல்ல கோட்டு போட்டுக்கிட்டு பிளாட்பாரத்துல நிப்பாருன்னு சொன்னா. நிக்கறீங்க."

"அது வந்து... நான்..."

"யார்க் போகணுமாமே. தாராளமா போங்க. அவ தடுக்கச் சொல்லல. இந்தச் சீட்டை மட்டும் குடுக்கச் சொன்னா."

சீட்டில் மியூரியலின் கையெழுத்தில் ஒரே வரி. 'துறவி தேடுவது, கணவன் திரும்புவது. இரண்டெழுத்து.'

ஹில்டா புதிர் போட்டிருக்கிறாள். எனக்கே. ரயில் கிளம்ப இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. எனக்கு அரை நிமிஷம் போதும். 'திரும்புவது' என்று வந்தால் எழுத்துகளைத் திருப்பிப் போட வேண்டும், அது புதிர்க்காரர்களின் அரிச்சுவடி. கணவனைத் திருப்பினேன். 'ன்வணக' என்று வந்தது. துறவியைத் திருப்பினேன். 'விறது' என்று வந்தது. இரண்டையும் கலந்து பார்த்தேன், இன்னும் மோசம்.

"ஏறித் தொலைய்யா" என்று கத்தினான் நார்மன்.

"இருடா, கணவன் வழிக்கு வர மாட்டேங்கிறான்."

விசில் ஊதியது. கையை ஆட்டிக்கொண்டே நார்மன் யார்க்குக்குப் போய்விட்டான். நான் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னுமா புரியல?" என்றாள் மியூரியல்.

"அவ்வளவு சுலபமில்ல மியூரியல். இதுல ஒரு திருப்பம் இருக்கு."

"ஒரு திருப்பமும் இல்ல. துறவி தேடறது வீடு. புருஷன் திரும்பறதும் வீடு. திரும்புங்க."