ஒரே எஞ்சினுக்கு இருபத்திரண்டு பேர்

பெக்கோக், ஜொகூர்
21-8-1936, வெள்ளிக்கிழமை

எல்லா நலன்களும் ஓங்கப் பெற்ற மைத்துனர் தம்பிராஜாவுக்கு, உம்முடைய அக்கா செல்லப்பாக்கியத்தின் புருஷன் விசுவலிங்கம் வணக்கத்துடனும் அதைவிடக் கூடுதலான வெட்கத்துடனும் எழுதிக்கொள்வது. நீரும் தங்கரத்தினமும் பிள்ளைகளும் கோலாலம்பூரில் சௌக்கியம் என்று நம்புகிறேன். இவ்விடம் நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் இருபத்தேழு வருஷம் தோட்டத்துப் பெரிய கிராணியாக இருந்து கணக்கேட்டில் ஒரு பொய் வரி எழுதாத கை, இன்றைக்கும் அதை எழுத மறுக்கிறது. நாங்கள் சௌக்கியமாக இல்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் தோட்டத்து வீட்டை நாங்கள் காலி செய்ய வேண்டும். வேலையை விட்ட பிறகும் துரையின் தயவில் குடியிருந்த வீடு இது. அந்தத் தயவு போன புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு முடிந்துபோயிற்று. ஆகையால் உம்முடைய ரயில்வே குவார்ட்டர்ஸில் பின்பக்கம் விறகு அடுக்கியிருக்கிறீரே, அந்த அறையை எங்களுக்காக ஒழித்துத் தருவீரா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். தங்கரத்தினம் சம்மதிப்பாரா என்று எனக்குத் தெரியாது. தைப்பொங்கலுக்கு வந்தபோது அவருடைய சமையலறை டப்பாக்களை எல்லாம் நான் அகரவரிசையில் அடுக்கி வைத்ததும், அதனால் பாயசத்தில் உப்பு விழுந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. இனி எதையும் அடுக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லும்.

இந்த நிலை எப்படி வந்தது என்று கேட்பீர். நல்லது செய்யப் போய் வந்தது. இங்கே சுற்றுவட்டாரத்தில் மூன்று தோட்டங்கள் இருக்கின்றன, மூன்றிலும் ரப்பர் ஆலை இருக்கிறது, ஆலைக்கு ஆலை எஞ்சின் இருக்கிறது, ஆனால் எஞ்சின் நின்றால் அதைத் தொட இந்த வட்டாரத்தில் ஓர் ஆள் கிடையாது. சிகாமட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஆள் வர நாலு நாள் ஆகும், அதற்குள் தொட்டியில் ரப்பர் பால் உறைந்து நாறும், துரை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொரு பக்கம் லயத்து வீடுகளில் திடகாத்திரமான ஆட்கள் விடியற்காலையில் மரத்தில் பால் வெட்டிவிட்டு மத்தியானத்துக்கு மேல் சும்மா இருக்கிறார்கள். முதலாளிக்கு வேலை தெரிந்த ஆள் வேண்டும், ஆளுக்கு நல்ல வேலை வேண்டும், இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றிற்று. தோன்றியதோடு நான் நிறுத்தியிருக்கலாம். உம்முடைய அக்கா அன்றைக்கே, "உங்களுக்கு ஏனப்பா இந்த வேலை? வேலையை விட்ட மனுசன் பேசாமல் கிடக்கக் கூடாதோ?" என்று கேட்டாள். நான் கேட்கவில்லை.

பங்குனி மாதத்தில் 'பெக்கோக் வட்டார முதலாளிமார் ஊரார் கூட்டுத் தொழிற்பயிற்சிக் கமிட்டி' தொடங்கப்பட்டது. பெயர் ரப்பர் முத்திரையில் அடங்காமல் 'தொழிற்ப' என்பதோடு நின்றுவிட்டது, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மாரியம்மன் கோயில்காரர்கள் கோயில் கொட்டகையைத் தந்தார்கள். கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் கிபாயத்துல்லா ராவுத்தர் சாயங்காலத் தேநீரைத் தந்தார். துரை ஒரு எஞ்சினைத் தந்தார். ஆலைக்குப் பின்னால் ஆறு வருஷம் மழையில் கிடந்த எஞ்சின் அது. அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும் என்று கேட்டபோது, ஓடாத எஞ்சினுக்கு எண்ணெய் எதற்கு என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

சொல்லிக் கொடுப்பது யார் என்ற பிரச்சினை வந்தது. நான்தான். நான் வாழ்நாளில் ஒரு ஸ்பானரைக் கையால் தொட்டவன் அல்லன் என்பது உமக்குத் தெரியும். ஆனால் எஞ்சினோடு வந்த இங்கிலீஷ்ப் புத்தகம் என்னிடம் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் தமிழில் வாசிப்பது, அவர்கள் கழற்றுவது என்று ஏற்பாடு.

மூன்று பேரைத்தான் கேட்டேன் தம்பி. மூன்றே மூன்று பேர், தோட்டத்துக்கு ஒருவன் வீதம். முதல் நாள், நம் தோட்டத்து ஆட்களைக் கட்டி மேய்க்கும் காளியப்பன் கங்காணி கொட்டகைக்கு வந்தபோது அவனுக்குப் பின்னால் ஒரு படையே வந்தது. அந்த ஆட்களை உமக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே ஊர், ஒரே கப்பலில் ஒரே கங்காணியோடு வந்தவர்கள், கல்யாணமாகாதவர்களும் மனைவியை ஊரில் விட்டுவந்தவர்களுமாக இருபத்திரண்டு பேர். வெட்டினால் சேர்ந்து வெட்டுவார்கள், ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் மரத்தையும் மற்றவர்கள் வெட்டுவார்கள், தோட்டம் மாறினால் கூண்டோடு மாறுவார்கள். "மூணு பேரு போதும் கங்காணி" என்றேன். "அது எப்படிங்கய்யா? மூணு பேரு கத்துக்கிட்டா மத்த பத்தொம்பது பேரு என்னா பண்ணுவாங்க? நம்ம ஆளுங்க பிரிஞ்சு எதும் செய்யறதில்லீங்க" என்றான். துரையிடம் போய்ச் சொன்னேன். எத்தனை பேர் கற்றாலும் தனக்கு நஷ்டமில்லை என்று அவர் சிரித்தார்.

அடுத்ததாக, எஞ்சினுக்குப் பூசை போடாமல் கை வைக்க மாட்டோம் என்றார்கள். ஆடு வெட்ட வேண்டும் என்றார்கள். கோயில் கொட்டகையில், மூன்று வேளை திருநீறு பூசுகிற என் முன்னால் ஆடா என்று நான் பதறிப்போய், ஒரு மணி நேரம் வாதாடி, பூசணிக்காய் போதும் என்று இறக்கிக்கொண்டு வந்தேன். எஞ்சினின் தலையிலேயே காயைப் போட்டு உடைத்தார்கள். விதையும் சதையும் குங்குமமும் அதன் வாய்க்குள் இறங்கிவிட்டன. அதை எடுக்கத்தான் எஞ்சினை முதன்முதலாக முழுவதும் கழற்றினோம். இரண்டு நாள் ஆயிற்று. புத்தகத்தில் பூசணிக்காயைப் பற்றி ஒன்றும் இல்லை.

இதற்குள் கங்காணி தன் வழக்கப்படி வேலையைப் பங்கு போட்டுவிட்டான். ஆளுக்கு இத்தனை மரம் என்று நிரை பிரித்துக் கொடுத்தே பழகியவன் அல்லவா, எஞ்சினையும் அப்படியே பிரித்தான். பெல்ட் அர்ச்சுனனுக்கு, வால்வு லெட்சுமணனுக்கு, எண்ணெய்க் குழாய் ஒருவனுக்கு, இடப்பக்கத்து நாலு நட்டு ஒருவனுக்கு, வலப்பக்கத்து நாலு நட்டு இன்னொருவனுக்கு. அடுத்தவன் பங்கை எவனும் தொட மாட்டான், அடுத்தவன் மரத்தில் கத்தி வைக்கிற மாதிரி அது என்றார்கள். நான் ஒருநாள் பரீட்சை வைத்து, "வால்வு எதற்கு?" என்று அர்ச்சுனனைக் கேட்டேன். "அது லெட்சுமணன் பாகங்கய்யா, அவனயே கேளுங்க" என்று கோபித்துக்கொண்டான். லெட்சுமணன் அன்று காய்ச்சலில் கிடந்ததால் வால்வு எதற்கு என்பது அன்று யாருக்குமே தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் அந்த இருபத்திரண்டு பேரும் சேர்ந்து நின்றால், நான் வாசிக்க வாசிக்க, அந்தப் பழைய இரும்பைச் சுக்கு நூறாகப் பிரித்து, துடைத்து, திரும்பப் பூட்டினார்கள். கிபாயத்துல்லா தன் கைவிளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றிச் சுற்றிவிட்டதும் எஞ்சின் ஓடியது. ஆறு வருஷம் செத்துக் கிடந்த எஞ்சின். நான் வெளியே போய், வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். உம்முடைய அக்காவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சரிவுதான். ஆனி மாதம் மூன்று துரைமாரையும், சிங்கப்பூரிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரையும் கொட்டகைக்கு அழைத்து வேலையைக் காட்டினோம். அவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் நம் ஆட்கள் எஞ்சினைப் பிரித்துப் பூட்டி ஓட்டிவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நம் துரை என் தோளில் தட்டினார். அடுத்த வாரமே ஆலை எஞ்சின் நின்றது. "ஒரு ஆளை அனுப்பு கிராணி" என்று சொல்லியனுப்பினார். வலப்பக்கத்து நட்டுக்காரன் போய், தன்னுடைய நாலு நட்டையும் இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று வந்துவிட்டான். இன்னொரு ஆள் போனான், அவன் பெல்ட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். கடைசியில் இருபத்திரண்டு பேரும் நானும் புத்தகமும் போக வேண்டியிருந்தது. எஞ்சின் அரைமணி நேரத்தில் ஓடிற்று. ஆனால் அத்தனை பேரும் மரத்தை விட்டு வந்ததால் அன்றைக்கு ஆலைக்கு வர வேண்டிய பால் வரவில்லை. எஞ்சின் இருந்தால் பால் இல்லை, பால் இருந்தால் எஞ்சின் இல்லை என்று துரை தமிழில் என்னைத் திட்டினார். தமிழில் திட்டினால் அவர் மறந்துவிடுவார். அதனால் நான் பயப்படவில்லை.

அந்தச் சிங்கப்பூர் எஞ்சினியர் மட்டும் சும்மா இருக்கவில்லை. அவருடைய பட்டறையில் பெரிய பெரிய எஞ்சின்கள் இருக்கின்றனவாம், ஒவ்வொன்றையும் பிரித்துப் பூட்ட இருபது பேர் வேண்டுமாம். கங்காணிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். கங்காணி முறைப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு, போன திங்கட்கிழமை ரயிலில் தன் ஆட்கள் இருபத்திரண்டு பேரோடும் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை ஆலை எஞ்சின் நின்றது. இப்போது எஞ்சினும் இல்லை, பாலும் இல்லை. புதன்கிழமை துரை என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, மிக மரியாதையாக இங்கிலீஷில் பேசினார். அப்போதே என் கதை முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். தன்னுடைய கூலியாட்களை இன்னொருவனுக்காகத் தயார் செய்து கொடுத்ததற்கு நன்றி என்றார், வீடு மாதக் கடைசியில் வேண்டும் என்றார். கடைத்தெரு வழியாக வந்தால் கிபாயத்துல்லா, "அலமாக்! என்னா கிராணி, இருபத்திரெண்டு வாடிக்கயயும் ஒரே ரயில்ல ஏத்திவுட்டுட்டீங்களே, இனிமே என் தேத்தண்ணிய யாரு குடிப்பா?" என்று கத்தினார். கோயில்காரர்களோ, திருவிழாவுக்குத் தேர் இழுக்கிற ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள், அம்மனை நீயே தோளில் தூக்கு என்கிறார்கள். முதலாளியையும் ஊராரையும் ஒன்று சேர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், என்னைத் திட்டுவதில் எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அறுப்பது வேறொன்று. போகிற அன்று காலை அவர்கள் அத்தனை பேரும் குளித்து, வெள்ளை உடுத்து, என் வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். ஆத்திரத்தில் நான் கதவைத் திறக்கவில்லை. "ஐயா, போயிட்டு வர்றோங்க. நீங்க எப்பங்க வர்றீங்க?" என்று லெட்சுமணன் வெளியிலிருந்து கேட்டான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து, ஜன்னலையும் சாத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். காலையும் மாலையும் அவர்கள் முகத்தைப் பார்த்த எனக்கு, கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மனம் வரவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு சிறுமை எனக்கு வந்திருக்க வேண்டாம். கொட்டகைக்குப் போய் அந்த நாற்காலியில் நேற்று சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே இல்லை அங்கே.

ஆகவே தம்பி, விறகு அறையைத் தாரும். எங்களிடம் இரண்டு பெட்டியும் ஒரு தையல் மெஷினும்தான் உண்டு. நான் கமிட்டி எதுவும் தொடங்க மாட்டேன், உம்முடைய ஆபீஸ் ஆட்களோடு பேச மாட்டேன், யாருக்கும் எதையும் சொல்லித்தர மாட்டேன் என்று எழுத்தில் உறுதி தருகிறேன். உமக்கும் தங்கரத்தினத்துக்கும் நீண்ட ஆயுளும், பிள்ளைகளுக்குப் படிப்பும், எவருக்கும் நல்லது செய்ய நினைக்காத நல்ல புத்தியும் நல்லூர் முருகன் அருளால் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உம்முடைய அன்புள்ள அத்தான்
வே. விசுவலிங்கம்

பிற்குறிப்பு: சனிக்கிழமை காலை. விறகை எடுக்க வேண்டாம். எடுத்திருந்தால் திரும்ப அடுக்கும். கடிதத்தை ஒட்டிக்கொண்டிருக்கும்போது காளியப்பன் கங்காணி வாசலில் குடையோடு வந்து நின்றான். இந்த முறை கதவைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை முதல் அவர்கள் அத்தனை பேரும் பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களாம், யாரும் உள்ளே போகவில்லை, பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "எத்தன ஆளுன்னு அந்த வெள்ளக்காரரு கேட்டாருங்க. என்னய விட்டு இருபத்திமூணுன்னு சொன்னேங்க. எண்ணிப் பாத்துட்டு ஒரு ஆளு கொறயுதுன்னாரு. வந்துக்கிட்டிருக்காரு, அவரு வராம எங்க ஆளுங்க உள்ள போவ மாட்டாங்கன்னு சொல்லிட்டேங்க. அன்னக்கி வாசல்ல வந்து கேட்டமே, நீங்க பதிலே சொல்லல" என்றான். புத்தகம் வாசிக்கிற ஆளுக்குப் பட்டறையில் வீடும் உண்டாம். உம்முடைய அக்கா தையல் மெஷினைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். இருபத்தேழு வருஷம் விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கிற மற்றவர்கள் பெயரை வாசித்தவன் நான், ஒருநாளும் என் பெயரை யாரும் எந்த வரிசையிலும் சேர்த்ததில்லை. பெரிய கிராணி என்ற முறையில், வரிசையில் என் பெயரை எங்கே போட்டிருக்கிறாய் என்று கங்காணியை அதட்டிக் கேட்டேன். "கடைசிலங்கய்யா. புதுசா வர்ற ஆளு கடைசிலதான் நிக்கணும்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.