ஒரே ஒரு வாழ்த்து

"ஒரே வாழ்த்தை எதுக்குக்கா இத்தனை தடவை எழுதி வெச்சிருக்கீங்க?" என்றான், கடையின் ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வந்த வெப்சைட்காரன்.

பூக்கடை அக்கா ரோஜாத் தண்டை நறுக்கிக்கொண்டே, "அனுப்பறவங்க எல்லாரும் அதைத்தானே தம்பி எழுதச் சொல்றாங்க" என்றாள்.

அவனுக்கு அது ஆகாது. டேட்டாபேஸில் எந்த விஷயமும் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் அதன் எண் போதும். அம்மா காலமான பிறகு வீட்டில் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்கே எண் ஒட்டிய பிரகிருதி அவன். பூ அனுப்புகிறவர்களுக்கு ஓர் அட்டவணை, பெறுகிறவர்களுக்கு ஒன்று, அட்டையில் அச்சாகும் வாசகங்களுக்கு ஒன்று என்று பிரித்துப்போட்டான். "அன்பான வாழ்த்துகள்" ஒரே ஒரு வரியாகச் சுருங்கியது. தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

அந்தக் குஷியில் துணிச்சலும் வந்துவிட்டது. பக்கத்து மருந்துக்கடையைத் தகப்பன் இல்லாத ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் நடத்தினார்கள். அந்தப் பெண்ணைப் பார்ப்பதற்காகவே இல்லாத தலைவலிக்கெல்லாம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தான். அவள் பெயருக்கு மதியம் போய்ச் சேரும்படி ஒரு பூங்கொத்து பதிந்து, "அன்பான வாழ்த்துகள்" வாசகத்தைத் தேர்ந்தெடுத்தான். சப்பென்று இருந்தது. அதையே திருத்தி, "என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா?" என்று மாற்றிக் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

டெலிவரிக்காரர் காலைப் பூக்களைக் கொடுத்து முடிப்பதற்குள் போன் அலற ஆரம்பித்தது.

"ரிடையர் ஆகற ஹெட்மாஸ்டரைக் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி ஸ்கூல் கிளார்க் பூ அனுப்பியிருக்காராம். ஹெட்மாஸ்டர் சம்சாரம் லைன்ல இருக்காங்க, நீயே பேசு" என்று அக்கா போனை நீட்டினாள்.

பேசினான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அடுத்து, மாமனாருக்குப் பூ அனுப்பிய ஒரு மருமகன். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இருப்பது ஒரே வரி; அதைத் தொட்டால் எல்லோருடைய அட்டையும் மாறத்தானே செய்யும்.

"ஒரே இடத்துலதானேக்கா இருக்கு, ஒரே நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

பண்ணினான். "மன்னிக்கவும், அது தவறுதலாக வந்தது. மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்" என்று வரியை மாற்றி, எல்லா வீட்டுக்கும் புது அட்டை அச்சடித்து மதிய நடையில் அனுப்பிவைத்தான். அவளுடைய பூங்கொத்திலும் அதே அட்டைதான் போனது என்பது, பூவும் கையுமாக அவளே வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

"பூவையும் அனுப்பிட்டு மனசுல வெச்சுக்காதேன்னா என்னங்க அர்த்தம்?"

அட்டவணை, எண், வரி என்று உளறினான்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டிருந்தேன்."

அவள் பூவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இதைக் கேக்கவா அவ்வளவு மாத்திரை வாங்கினீங்க? எனக்குச் சம்மதம். அம்மாகிட்ட நானே பேசறேன். காலையிலேருந்து என்னமோ ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. "அப்பாடா, ஒண்ணாவது உருப்பட்டுதே" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டெலிவரிக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தார்.

"எல்லாரும் மன்னிப்பு அட்டையை வாங்கிக்கிட்டாங்க சார், உங்கப்பாதான் வேண்டாம்னுட்டாரு, காலையில தனக்குப் பொறந்தநாள் பூ அனுப்பின மருந்துக்கடை அம்மாவுக்கு அப்பவே போன் போட்டு சரின்னு சொல்லிட்டாராம், இனிமே இவங்க உங்களுக்குத் தங்கச்சி."