லுசாகாவில் மின்தடை இல்லாத மாதம்

லுசாகாவில் மின்தடை அறிவிப்பு இயக்ககம் என்று ஒன்று இருந்தது. கரண்ட் எப்போது போகும் என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்வது அதன் கடமை. கரண்ட் தருவது வேறு இலாகா. அங்கே வேலை குறைவு.

அறிவிப்பை அனுப்புபவள் முதிந்தா. கணினியின் கறுப்புத் திரையில் ஒரு நீளமான கட்டளையைக் கொடுத்தால், எந்தப் பகுதிக்கு எப்போது இருட்டு என்று எல்லோர் கைபேசிக்கும் செய்தி போகும். அதை அவள் தினமும் அடிப்பதில்லை. அடித்த கட்டளைகளையெல்லாம் கணினியே வரலாறாகச் சேர்த்து வைத்திருக்கும். கன்ட்ரோலையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஆரம்ப எழுத்துகளைத் தட்டினால் போதும், முழுக் கட்டளையும் வந்து நிற்கும். எண்டர் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவாள்.

ஒருநாள் புது இயக்குநர் சிம்விங்கா அவள் பின்னால் வந்து நின்றார். வெளிநாட்டில் நிர்வாகப் பயிற்சி முடித்தவர்.

"இதை யாரு அடிச்சது?"

"நான்தான், ப்வானா. போன மாசம்."

"அதுக்குப் போன மாசமே சம்பளம் குடுத்தாச்சே. இன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"எண்டர் தட்டினேன்."

இயக்குநர் வரலாற்றை மேலே நகர்த்திப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஒரே கட்டளை, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கே?"

"முதல்ல தப்பா வந்தது. மேல் அம்புக்குறியைத் தட்டிப் பழசை எடுத்து, திருத்தித் திருத்தித்தான் சரியாச்சு."

"அப்போ அரசாங்கம் தப்பு பண்ணினதுக்கு அரசாங்கமே ஆதாரம் சேர்த்து வச்சிருக்கு."

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது: "இனி ஒவ்வொரு கட்டளையும் புத்தம் புதிதாக அடிக்கப்பட வேண்டியது. கடந்தகாலம் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது."

"அந்த ஒரு வரியை மட்டும் தனிக் கோப்புல எடுத்து வச்சுக்கறேனே," என்றாள் முதிந்தா.

"கடந்தகாலத்தை வேற ரூமுக்கு மாத்தினா அது புதுசாயிடுமாம்மா?"

வரலாறு முழுவதையும் அழித்தாள்.

மறுநாள் ஞாபகத்திலிருந்து அடித்தாள். எங்கேயோ ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தது, கணினி ஏற்கவில்லை. திருத்தலாமென்று மேல் அம்புக்குறியைத் தட்டினாள். சுற்றறிக்கைப்படி வரலாறே அணைக்கப்பட்டிருந்தது. திரை சும்மா இருந்தது. மறுபடி முதலிலிருந்து அடித்தாள். இந்தத் தடவை வேறு இடத்தில் தப்பு. மாதம் முழுக்க இதே கதை.

"அறிவிப்பு போகலை, ப்வானா," என்றாள் கலக்கத்தோடு.

இயக்குநர் ஆழ்ந்து யோசித்தார். "கரண்ட் போகும்னு நாம சொல்லலை. நாம சொல்லாதது அதிகாரபூர்வமா நடக்கலை."

மாத அறிக்கையில் 'மின்தடை: இல்லை' என்று எழுதினார். அமைச்சகம் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது.

ஊரிலோ கரண்ட் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அறிவிப்பு வராததால், கோளாறு தன் வீட்டு ஒயரில்தான் என்று ஒவ்வொருவரும் முடிவு செய்தார்கள். வெளியே சொன்னால் மானம் போகுமே என்று வாயைத் திறக்கவில்லை.

முதிந்தா வீட்டில் ஒரு மாலை ந்ஷிமா என்ற மக்காச்சோளக் களி பாதி வெந்த நிலையில் மின் அடுப்பு அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கபாசோ அம்மா நின்றிருந்தாள்.

"உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்றாள் முதிந்தா.

"இருக்கே. உங்க வீட்ல?"

"ஓ, பளிச்சுன்னு இருக்கு."

இருவரும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு உள்ளே போனார்கள். முதிந்தா எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள். இத்தனை நாளும் அறிவிப்பு அனுப்பத் தவறியவள் அவளேதான். ஆனாலும் மின்தடையே இல்லை என்ற பாராட்டுப் பத்திரத்தில் அமைச்சகத்தின் முத்திரை இருந்ததே.

"கொஞ்சம் லேட்டாகும் மேடம்," என்றான் அவன். "உங்க இயக்குநர் வீட்ல ஒயரெல்லாம் பிரிச்சுப் போட்டிருக்கேன்."